பிரகதீஸ்வரி விட்டுக்கொடுத்த குத்தகை

தஞ்சாவூர் இளையபெருமாள் குழுமத்தில் முதலாளியைத் தெரியாதவர்கள்கூட இருக்கலாம். பிரகதீஸ்வரியின் செல்போன் எண்ணைத் தெரியாதவர் ஒருவரும் கிடையாது. குழுமம் என்றால் சாதாரணமில்லை. டெல்டா முழுக்கச் சிதறிக்கிடக்கும் அரிசி ஆலைகள், உரக்கடைகள், விதைக் கிடங்குகள், ஒரு டிராக்டர் ஷோரூம், இதெல்லாம் போதாதென்று ஒரு பஸ் கம்பெனி. நெல் லாரி எடைமேடையில் ஏறுவதிலிருந்து, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதுவரை எல்லாமே பிரகதீஸ்வரியின் பிரிவு எழுதிய சாஃப்ட்வேரில்தான் ஓடின. எங்கே எது நின்றாலும் அவள் போன் அடிக்கும்.

எம்.சி.ஏ. முடித்து வந்து சேர்ந்த புதிதில், தன்னைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள் என்பது அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை தலைக்கு மேல் போனது அவள் தம்பி கல்யாணத்தில். தாலி கட்டுகிற நேரத்தில் அவள் மண்டபத்துக்குப் பின்னால், அண்டாக்கள் கழுவுகிற இடத்தில் நின்று, திருத்துறைப்பூண்டி ஆலையில் எடைச்சீட்டு ஏன் அச்சாகவில்லை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீடியோவில் அக்காவின் முகம் எங்கேயும் இல்லை. ஆனால் தாலி ஏறும் கட்டத்தில், கெட்டிமேளத்தையும் மீறிக்கொண்டு, "கேபிளைப் பிடுங்கித் திரும்பச் சொருகுங்க!" என்று அவள் குரல் மட்டும் தெளிவாகப் பதிவாகியிருந்தது. அந்த வீடியோவைத் தம்பி மனைவி இன்றுவரை வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுகிறாள்.

பிரகதீஸ்வரியின் கணவர் தியாகேசன் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மைதானத்தில் ஒரு விசிலுக்கு நூறு பையன்களை நிற்க வைத்துவிடுவார். வீட்டில் அந்தப் போனை நிற்க வைக்க அவரால் முடிந்ததில்லை. வருகிற தை மாதம் அவருக்கு அறுபது முடிகிறது. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவான அன்றே சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கேட்டுக்க பிரகதி. நான் உன்கிட்ட நகை கேக்கல, பட்டு வேட்டி கேக்கல. ரெண்டாந்தடவ தாலி கட்டறப்ப உன் கழுத்து என் பக்கம் இருக்கணும். போன் பக்கம் சாஞ்சிருக்கக் கூடாது. அவ்வளவுதான்."

கேட்பதற்கு எளிமையான ஆசைதான். ஆனால் தை என்பது சம்பா அறுவடை. ஆலைகளின் வாசலில் நெல் லாரிகள் மெயின்ரோடு வரைக்கும் நிற்கிற மாதம். அந்த மாதத்தில் பிரகதீஸ்வரி குளிக்கப் போகும்போதே போனை பாலிதீன் பையில் போட்டு உள்ளே எடுத்துப்போவாள். மனுஷன் கேட்டது ஒரு நாள். அந்த ஒரு நாளை எங்கிருந்து கொண்டுவருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மகன் சூர்யபிரகாஷ் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். வந்த வாரமே கூட்டம் போட்டு, "இனிமே சாஃப்ட்வேர் வேலையை நாமே பார்க்கப் போறதில்ல. அவுட்சோர்ஸ் பண்றோம். நமக்குத் தொழில் அரிசி. அதை நாம பார்ப்போம். சாஃப்ட்வேர் யாருக்குத் தொழிலோ அவங்க அதைப் பார்க்கட்டும்" என்றார்.

கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் பிரகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவு மனோகரன், துக்க வீட்டில் உட்காருகிறவர் மாதிரி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "தைரியமா இருங்க மேடம். நாங்கல்லாம் இருக்கோம்" என்று மெல்லச் சொன்னார். அவளுக்கோ எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. வெளிக் கம்பெனி வந்தால் வெளிக் கம்பெனியின் போன்தானே அடிக்கும்! சூர்யபிரகாஷ் கடல் கடந்து வந்தது கம்பெனிக்காக இல்லை, தியாகேசனின் அறுபதாம் கல்யாணத்துக்காகத்தான் என்று அவளுக்குப் பட்டது.

ஆகவே, அவள் வேலை போய்விடும் என்று ஊரே பரிதாபப்பட்டுக்கொண்டிருக்க, எந்தெந்த வேலையை வெளியே கொடுக்கலாம் என்று அவளே உட்கார்ந்து திட்டம் போட்டாள். சென்னையிலிருந்து ஒரு கம்பெனியும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு கம்பெனியும் வந்து படம் போட்டுக் காட்டின. இரண்டு பேர் படத்திலும் அதே வட்டம், அதே அம்புக்குறி, அதே கைகுலுக்கும் வெள்ளைக்காரர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெரியவர் இளையபெருமாள் வாயைத் திறக்கும்வரை.

"அதாவது, குத்தகைக்கு விடறோம்ங்கிற."

"குத்தகை இல்லப்பா. அவுட்சோர்சிங்" என்றார் மகன்.

"நிலம் நம்மளது. உழுது விதைக்கிறது அவன். வருஷத்துக்கு இவ்வளவுன்னு பேச்சு. இதுக்கு வேற என்ன பேரு?"

இளையபெருமாளுக்குக் குத்தகை என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் மாறிவிடும். அவருடைய அப்பா ஒரு காலத்தில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நல்ல நிலமாகப் பார்த்து ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டார். விட்டதோடு சரி. சட்டம் குத்தகைதாரர் பக்கம். கோர்ட்டு, தாசில்தார், சமரசம் என்று அப்பாவின் ஆயுசே போயிற்று. நிலம் திரும்பவில்லை. இப்போது அந்தக் குத்தகைதாரரின் பேரன்கள் பொங்கலுக்கு இளையபெருமாளை அழைத்து, அவர் நிலத்தில் விளைந்த அரிசியில் பொங்கிய பொங்கலை அவருக்கே இலை போட்டுப் பரிமாறி, "இன்னும் கொஞ்சம் வச்சுக்குங்கய்யா" என்று உபசரிக்கிறார்கள். அவரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார். வந்ததும் இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.

அதனால் மிச்சமிருந்த நிலத்துக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். குறுவைக்கு இந்த வயலில் சாகுபடி செய்தவரை சம்பாவுக்கு அடுத்த வயலுக்கு மாற்றிவிடுவார். அடுத்த வயல்காரர் இங்கே வருவார். ஒரே மண்ணில் ஒரே ஆள் இரண்டு பட்டம் தொடர்ந்து நிற்கக் கூடாது. நின்றால் வேர் பிடித்துவிடும் என்பது அவர் கட்சி.

"சென்னைக்காரனுக்கு ஆலை, கோயம்புத்தூர்க்காரனுக்கு பஸ்ஸு. குறுவை முடிஞ்சதும் மாத்தி விடு. அப்படின்னா எனக்குச் சம்மதம்" என்றார்.

சூர்யபிரகாஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். பிரகதீஸ்வரிக்கும் இது உருப்படாது என்று தெரியும். ஆனால் தை வருவதற்குள் போன் கைமாறியாக வேண்டும். மாட்டேன் என்றால் பெரியவர் மொத்தத்துக்கே மாட்டேன் என்றுவிடுவார். சரிங்கய்யா என்று தலையாட்டி வைத்தாள்.

குறுவைப் பட்டம் முழுக்கச் சென்னைக்காரர்கள் ஆலையைப் பார்த்தார்கள், கோயம்புத்தூர்க்காரர்கள் பஸ்ஸைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். புரட்டாசியில் இடம் மாறத்தானே போகிறோம் என்று எதையும் ஆழமாகக் கற்றுக்கொள்ளவில்லை. சந்தேகம் வந்தால் பிரகதீஸ்வரிக்குப் போன் போட்டார்கள். முன்பு ஆலைக்காரர்களும் கண்டக்டர்களும்தான் கூப்பிடுவார்கள். இப்போது அவர்களோடு சென்னையும் கோயம்புத்தூரும் சேர்ந்துகொண்டன. தியாகேசன் அந்தப் போனைப் பார்க்கிற பார்வையில் ஒரு சக்களத்தியைப் பார்க்கிற பார்வை இருந்தது.

குறுவை முடிந்து இரண்டு கம்பெனிகளும் இடம் மாறின. மாறின முதல் வாரமே, ஆலை விவசாயிகளுக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தியும் பஸ் பயணிகளுக்குப் போக வேண்டிய குறுஞ்செய்தியும் ஒன்றுக்கொன்று கலந்துவிட்டன. திருத்துறைப்பூண்டி ராசு என்கிற விவசாயிக்கு, "தங்களுக்கு ஜன்னலோர இருக்கை உறுதி செய்யப்பட்டுள்ளது" என்று செய்தி போயிற்று. அவர் நெல் மூட்டைகளோடு டிராக்டரில் ஆலைக்கு வந்து, "ஜன்னல் எந்தப் பக்கம்ங்க? மூட்டையை அங்கயே இறக்கிடறேன்" என்று கேட்டு நின்றார். அதே நேரத்தில் அதிராம்பட்டினம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடை சலாஹுதீன் பாயின் போனில், "ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் தங்களை ஏற்க இயலாது. நன்கு காயவைத்து நாளை கொண்டுவரவும்" என்று வந்தது. புரட்டாசிப் புழுக்கத்தில் சட்டை தொப்பலாக நனைந்திருந்த பாய், பஸ்ஸுக்குள்ளேயே யாரோ தன்னை உற்றுப் பார்க்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறார். இறங்கும்போது கண்டக்டரிடம், "தம்பி, வேர்வைக்கெல்லாமா மெசேஜ் அனுப்புவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

பிரகதீஸ்வரி நேரே பெரியவரின் அறைக்குப் போனாள். அவர் அந்த இரண்டு செய்திகளையும் யாரையோ விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. பட்டத்துக்குப் பட்டம் ஆள மாத்தி மாத்தி விடறீங்களே, அந்த வடக்குத் தாக்கு வயலு, அதுல விளைச்சல் எப்படி?"

ஊருக்கே தெரிந்த சங்கதி அது. வடக்குத் தாக்கில் விளைவதைவிடக் களைதான் அதிகம்.

"அடுத்த பட்டத்துக்கு வேற வயலுக்குப் போறவரு எதுக்குங்கய்யா எரு அடிப்பாரு? எதுக்கு வரப்பு கட்டுவாரு? இவங்களும் அப்படித்தான். தங்கப் போறதில்லைன்னு தெரிஞ்சவங்க எதையும் கத்துக்கமாட்டாங்க."

"அதுக்காக மொத்தமா தூக்கி ஒருத்தன் கையில குடுத்துட்டு, நாளைக்குப் பொங்கலுக்கு அவன் வீட்டுல போயி இலை போட்டு உக்காரச் சொல்றியா?"

"பட்டா நம்ம பேர்ல இருக்கட்டும்யா. எழுதற புரோகிராம் நம்மளது, உள்ள இருக்கிற விவரம் நம்மளதுன்னு ஒப்பந்தத்துலயே போட்டுருவோம். ஈரப்பதம் எவ்வளவுக்கு எவ்வளவு கழிக்கிறது, எந்த நெல்லை எடுக்கறது, எதை விடறது, இந்த மாதிரி முடிவெல்லாம் நாம எடுப்போம். மடை நம்ம கையில இருக்கும். உழவு மட்டும் அவங்களது. கிளம்பறப்ப, அடுத்து வர்றவங்களுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டுத்தான் கிளம்பணும். சென்னைக்காரங்களுக்கே மொத்தமும் குடுங்க. அஞ்சு வருஷம் குடுங்க. அப்பத்தான் எரு அடிப்பாங்க."

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "சரிம்மா, குடுத்துருவோம். ஆனா அதுக்கு முன்னால பழைய குத்தகைதாரர் ஒருத்தரைக் கிளப்பணும். அவரைக் கிளப்பாம இவங்களை இறக்கினா ரெண்டு பேரும் ஒரே வயல்ல முட்டிக்குவாங்க" என்றார்.

"யாருங்கய்யா அது?"

"நீதாம்மா."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நீ வந்து எத்தனை வருஷமாச்சு? ஒரே வயல். நடுவுல உன்னை மாத்தணும்னு எனக்குத் தோணவே இல்ல. இன்னிக்கு நீ இல்லாட்டி என் ஆலையில எடைச்சீட்டு வராது, பஸ்ஸு டிக்கெட்டு கிழியாது. எது எங்க இருக்குன்னு உன் தலையில மட்டும்தான் இருக்கு. திருத்துறைப்பூண்டிக்காரரையாவது கோர்ட்டுக்கு இழுத்தோம். உன்னை எங்க இழுக்கறது? கோவமா சொல்லல. நல்ல சாகுபடி. ஆனா போதும். முடிவெடுக்கற இடத்துக்கு வந்து, என் பக்கத்துல உக்காரு. அந்த வயலைக் காலி பண்ணிக் குடுத்துரு."

போனை விட்டுத் தொலைக்க வேண்டும் என்று இத்தனை நாளாய்த் துடித்தவள் அவள். இப்போது அதையே அவர் எழுந்து போ என்கிற மாதிரி சொன்னதும், யாரோ தன் வயலைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. சரிங்கய்யா என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

சென்னைக் கம்பெனியிலிருந்து தர்ஷினி என்று ஒருத்தி வந்து இறங்கினாள். ஐப்பசி மழையில் வந்து மார்கழிப் பனிவரைக்கும் பிரகதீஸ்வரியின் எதிரில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக் குடைந்தாள். பதில் திருப்தியாக இல்லையென்றால் அதே கேள்வியை வேறு வாக்கியத்தில் கேட்பாள்.

"இது என்ன மேடம், கொள்முதல்ல 'பெரியப்பா'ன்னு ஒரு பட்டன்?"

"முதலாளியோட பெரியப்பா நெல்லு வந்தா ஈரம் பார்க்காம எடுக்கறதுக்கு."

"அவர் இப்ப?"

"தவறிட்டாரு."

"எப்ப?"

"அவரு போயி ரொம்ப நாளாச்சு. பட்டனை எடுக்க மனசு வரல."

தர்ஷினி குறித்துக்கொண்டாள். இப்படி ஒவ்வொன்றாகத் தோண்டத் தோண்ட, தான் கட்டியது சாஃப்ட்வேர்தானா அல்லது இளையபெருமாள் வீட்டுக் குடும்ப வரலாறா என்று பிரகதீஸ்வரிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கொடுத்தாள், ஒன்றைத் தவிர. தை மாதத்தில் லாரிக் கூட்டம் நெருக்கும்போது திருத்துறைப்பூண்டி எடைமேடை திடீரென்று மௌனம் சாதிக்கும். அதை எழுப்ப அவளிடம் ஒரு வித்தை இருந்தது. விவசாயிகள் வரிசையில் 'வருணன்' என்று ஒருவரை அவளே ஒரு காலத்தில் சேர்த்து வைத்திருந்தாள். அப்படி ஒரு ஆள் கிடையாது. எடைமேடை நின்றால், வருணன் பேரில் எடை பூஜ்ஜியம் என்று ஒரு சீட்டு போட வேண்டும். உடனே மேடை விழித்துக்கொண்டு மற்றவர்களின் சீட்டுகளைக் கடகடவென்று தள்ளும். ஏன் விழிக்கிறது என்று அவளுக்கே தெரியாது. வருணனைப் பற்றித் தர்ஷினியிடம் சொல்ல மறந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறக்கவில்லை. வயலைக் காலி செய்து கொடுக்கிறவள் ஒரே ஒரு வரப்பைத் தனக்கென்று மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள், அவ்வளவுதான்.

தை பிறந்தது. திருக்கடையூர்.

அறுபதாம் கல்யாணம் மொத்தத்தையும் தியாகேசன் ஒரு ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்திருந்தார். சாஸ்திரிகள், கலசம், மாலை, நாதஸ்வரம், போட்டோ, சாப்பாடு எல்லாம் அவர் பொறுப்பு. "நமக்குத் தொழில் தாலி கட்டறது. அதை நாம பாப்போம்" என்று சூர்யபிரகாஷ் சொன்னதையே மனைவியிடம் திருப்பிச் சொன்னார். அன்று அங்கே வரிசையாக நிறைய ஜோடிகள். தலையில் ஊற்றிய கலசத் தண்ணீர் சொட்டச் சொட்ட, அறுபதும் எழுபதும் எண்பதும் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டிருந்தன. இளையபெருமாளும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பிரகதீஸ்வரி ஈரப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். போன் மடியில், முந்தானைக்குள். அடிக்கவில்லை. தியாகேசனுக்கு அது பெரிய ஆச்சரியம். பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். அவளுக்கோ உள்ளுக்குள் கொதித்தது. அறுவடை உச்சம். இந்நேரம் மேடை நின்றிருக்க வேண்டும். இந்நேரம் லாரிக்காரர்கள் சத்தம் போட்டிருக்க வேண்டும். இந்நேரம் தர்ஷினி பதறிப்போய், "மேடம், ஒண்ணும் புரியல, நீங்கதான் காப்பாத்தணும்" என்று கூப்பிட்டிருக்க வேண்டும். முந்தானையை விலக்கிப் பார்த்தாள். சத்தத்தை அணைத்துத்தான் வைத்துவிட்டோமோ என்று சரிபார்த்தாள். அணைக்கவில்லை.

சாஸ்திரிகள் தாலியைத் தட்டில் வைத்துப் பெரியவர்களிடம் ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார். தட்டு சுற்றி வர நேரமாகும். பிரகதீஸ்வரியால் அதற்கு மேல் முடியவில்லை. குனிந்து, முந்தானையால் மறைத்துக்கொண்டு, அவளே போன் போட்டாள்.

"வணக்கம், இளையபெருமாள் குழும உதவி மையம். சொல்லுங்க" என்றது ஒரு புதுக்குரல்.

"நான் பிரகதீஸ்வரி பேசறேன்."

"சரிங்க மேடம். எந்த ஊர் ஆலைங்க? விவசாயிங்களா, லாரிங்களா?"

சமாளித்துக்கொண்டு, "திருத்துறைப்பூண்டி எடைமேடை ஓடுதா?" என்றாள். அந்தக் குரல் பொறுமையாக அவள் பேரில் ஒரு புகாரைப் பதிந்து, புகார் எண்ணைப் படித்துக் காட்டிவிட்டு, இணைப்பைத் தர்ஷினிக்கு மாற்றிக் கொடுத்தது.

"மேடம்! இன்னிக்கு உங்க வீட்டுக் கல்யாணமாச்சே! மேடை நல்லா ஓடுது. எதுக்குக் கேக்கறீங்க... ஓ, வருணனா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவருக்கு நிலமும் இல்ல, ஆதாரும் இல்ல. ஆனா வருஷா வருஷம் தை மாசம் ஒண்ணுமில்லாத மூட்டையோட வந்து எடை போட்டுட்டுப் போறார். சந்தேகம் வந்து போன வாரம் தோண்டினோம். மேடை ஏன் தூங்குதுன்னு கண்டுபிடிச்சு சரி பண்ணியாச்சு. வருணனுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துட்டேன் மேடம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க மறந்துட்டீங்கன்னு நினைச்சேன். தொந்தரவு பண்ண வேணாம்னுதான் கேக்கல" என்றாள். "போங்க மேடம், போயி தாலி கட்டிக்குங்க. உங்க புகார் டிக்கெட்டை நான் க்ளோஸ் பண்ணிடறேன்."

வலித்தது. பொய் சொல்லி என்ன, நன்றாகவே வலித்தது. இத்தனை வருஷம் தான் இல்லாமல் நகராது என்று நினைத்த ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. அதுவும் முன்பைவிட நன்றாக. அந்தப் பெண் மறந்துவிட்டீர்கள் என்று சொன்னது அதைவிட வலித்தது. தர்ஷினிக்கு உண்மை தெரியும். தெரிந்துகொண்டே கௌரவமாக வழி விட்டிருக்கிறாள்.

நிமிர்ந்தால், எதிரே தியாகேசன். கையில் தாலி. சுற்றி அத்தனை சொந்தமும். நாதஸ்வரக்காரர் குழலை வாயில் வைத்தபடி அவள் போன் பேசி முடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார். தியாகேசனின் முகத்தில் கோபம் இல்லை. வருத்தம்தான் இருந்தது. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"இது அவங்க கூப்பிடலைங்க. நானாத்தான் போட்டேன்" என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. "அங்க நான் தேவையில்லையாம்."

"இங்க தேவைப்படுது. கொஞ்சம் குனியறியா?" என்றார் தியாகேசன்.

அவள் போனை முன்வரிசைக்கு நீட்டினாள். இளையபெருமாள் எட்டி வாங்கிக்கொண்டார். ஒரு குத்தகைதாரர் தானாகவே இடத்தைக் காலி செய்து அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. போனைப் பட்டா மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கெட்டிமேளம் கொட்டியது. தியாகேசன் முதல் முடிச்சைப் போடக் குனிந்தார். அப்போது பார்த்துப் போன் அடித்தது.

பெரியவர் பதறிப்போய் எடுத்துக் காதில் வைத்தார். பிறகு, மேளத்தை மீறிக் கத்தினார். "பிரகதி! ஏதோ மிஷின் பேசுதும்மா! உன் புகாரைத் தீர்த்துட்டாங்களாம்! சேவை எப்படின்னு ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ள மார்க்கு போடச் சொல்லுது! எத்தனை அமுத்த?"

பிரகதீஸ்வரியின் கழுத்து கணவர் பக்கம்தான் இருந்தது. தலையை நிமிர்த்தவில்லை. கண்ணீர் ஒரு பக்கம் ஓட, சிரிப்பு ஒரு பக்கம் பொத்துக்கொண்டு வர, வலது கையை மட்டும் உயர்த்தி ஐந்து விரலையும் நன்றாக விரித்துக் காட்டினாள்.

ஒப்பந்தக்காரரின் போட்டோக்காரர் சரியாக அந்த நொடியில் எடுத்துவிட்டார். அந்தப் படத்தைத் தியாகேசன் பெரிதாக்கி, சட்டம் போட்டு, கூடத்தில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களெல்லாம், இதென்ன, தாலி கட்டுகிறவருக்கு இந்தம்மா கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்கிறதே என்று கேட்பார்கள்.

"ஆசீர்வாதம் இல்லைங்க, அஞ்சுக்கு அஞ்சு மார்க்கு" என்பார் தியாகேசன். அவர்கள் அவரைப் பார்த்துப் பாராட்டாகச் சிரிக்கும்போது, "எனக்கில்ல" என்று சொல்லிவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போவார்.